இமைகூட அசையவில்லையாம்

அந்தக் கதையை நம்பாதீர்கள் சார். நானே எட்டு வருஷமாக அதை நம்பவில்லை.

எந்தக் கதை என்று முழிக்கிறீர்களா? நேற்று சாயந்திரம், கடைசி நாள் பேச்சில், ஐயா சொல்லியிருப்பாரே. ஒரு குடும்பஸ்தன். முகாமில் ஏழாம் நாள். தியானக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். சேவகர் வந்து காதருகே குனிந்து, உன் அப்பா இறந்துவிட்டார் என்கிறார். அவனுக்கு இமைகூட அசையவில்லை. மலை மாதிரி உட்கார்ந்திருந்தான். எண்ணத்தை எண்ணமாகப் பார்க்கத் தெரிந்தவன் அப்படித்தான் இருப்பான். சொன்னாரா இல்லையா? சொல்லியிருப்பார். எட்டு வருஷமாக ஒரு முகாம் விடாமல் சொல்கிறார்.

அந்த மலை நான்தான். கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்தீர்கள் என்றால் மலைக்கும் இடம் கிடைக்கும்.

நீங்கள் முகாமிலிருந்து வருகிறீர்கள் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றா? வெள்ளை உடுப்பு, சுருட்டின பாய். அதைவிட, கண்டக்டர் உங்கள் காலை மிதித்ததற்கு நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். பரவாயில்லை, கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் அது சரியாகிவிடும். எனக்கு அன்றைக்கு ஊர்போய்ச் சேரும்வரை நீடித்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

என் பெயர் பூவராகன். நகராட்சியில் குடிநீர்ப் புகார்ப் பிரிவு. எந்த ஊர் என்று கேட்காதீர்கள், நீங்களும் புகார் சொல்வீர்கள். இருபத்துநாலு வருஷமாக என் வேலை போனை எடுப்பது. "எங்க தெருவுல மூணு நாளா தண்ணி வரல சார்." "குறிச்சுக்கிட்டேன்மா." "கலங்கலா வருது சார், புள்ளைங்க குடிக்க முடியல." "குறிச்சுக்கிட்டேங்க." குறித்துக்கொள்வேன். அதற்குமேல் செய்வதற்கு வேறு பிரிவு இருக்கிறது.

அதனால் முதல் நாள் ஐயா பயிற்சியை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணம் வந்தால் அதன் பின்னாலேயே ஓடாதே, விரட்டவும் செய்யாதே. 'எண்ணம்' என்று மனதுக்குள் குறித்துக்கொள், விட்டுவிடு. காதில் ஏதாவது விழுந்தால் 'சத்தம்'. முட்டி வலித்தால் 'வலி'. அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை பேர் லீவு போட்டுவிட்டு மலையடிவாரத்துக்கு வந்து பத்து நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்? இதை நான் அரசாங்கச் சம்பளத்தில் செய்துகொண்டிருக்கிறேனே சார்.

ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கமாட்டீர்கள், இன்னும் அந்த மௌனம் உங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நானே சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. இரண்டு வருஷம் படுக்கை. பேச்சு குழறும், திட்டு மட்டும் தெளிவாக வரும். இடது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதைக் கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு தட்டு. திருப்பிப் படுக்கவைக்க மூன்று. நான் வீட்டில் இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள ஒன்று. அந்த ஒன்றுதான் அதிகம் வரும். லீவு நாளில் ஐம்பது தடவைகூட வரும். போய் நின்றால் ஒன்றும் சொல்லமாட்டார். முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் அந்த டம்ளரைப் பிடுங்கி வீசினேன். அவர் மேல் இல்லை சார். சுவர் மேல். சுவருக்கும் அவர் தலைக்கும் நடுவே ஒரு முழம் நிச்சயம் இருந்தது. அப்பா பாதி வாயால் சிரித்தார். "குறி தப்பிருச்சுடா," என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது. கோபத்தைக் கவனிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்திராணி, என் மனைவி, அவள்தான் அனுப்பி வைத்தாள். "போய்ட்டு வாங்க, பத்து நாள்தானே, நான் பாத்துக்கிறேன்," என்றாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன், இந்திராணிதான் அனுப்பினாள் என்று. விண்ணப்பம் ஒரு மாதம் முன்பே போட்டாகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போகச் சொல்லியிருப்பாள். ஆகவே அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறதே, நீங்களும் எழுதியிருப்பீர்கள். 'நெருங்கிய உறவினர் எவருக்கேனும் கடுமையான உடல்நலக் குறைவு உண்டா?' நான் 'இல்லை' என்று எழுதினேன். இரண்டு வருஷமாக அப்படியே இருப்பதைக் குறைவு என்று எப்படிச் சொல்வது? அது எங்கள் வீட்டு நடைமுறை.

சரி, முகாம். முதல் மூன்று நாள் எல்லோருக்கும் போலத்தான். இடுப்பு, முட்டி, உளுந்து வடை. உளுந்து வடையை மட்டும் இருநூறு தடவை குறித்திருப்பேன். நாலாம் நாள் காலையில் டம்ளர் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டு. எழுந்து கூடத்துக்கு வெளியே ஓடிவிட்டேன். வராந்தாவில் யாரும் இல்லை. சமையற்கட்டில் கரண்டி விழுந்ததோ என்னவோ. ஐயாவிடம் தனியாகப் பேச ஐந்து நிமிஷம் உண்டல்லவா, அதில் போய்ச் சொன்னேன்.

"என்ன கேட்டுச்சு?"

"எங்கப்பா டம்ளர் தட்டுற சத்தம் ஐயா."

"அப்பா எங்க இருக்காரு?"

"ஊர்ல."

"இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?"

"தொண்ணூறு கிலோமீட்டர்."

"தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளித் தட்டின டம்ளர் உங்களுக்குக் கேக்குதுன்னா, அது காதா ரேடியோவா?" என்றார். "வெளிய இல்ல, உள்ள. 'சத்தம்'னு குறிங்க. உக்காருங்க. அடுத்து வாசனைகூட வரும். நம்பாதீங்க. மனசு பெரிய நாடகக் கம்பெனி."

சொன்னதுபோலவே வந்தது. ஐந்தாம் நாள் இந்திராணி பேசினாள், குக்கரை இறக்கச் சொல்லி. 'சத்தம்.' போய்விட்டாள். ஆறாம் நாள் என் தங்கை கோமளா சிதம்பரத்திலிருந்து வந்து, அப்பாவைப் போட்டுவிட்டு இங்கே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாயே, வெட்கமாக இல்லையா என்றாள். 'சத்தம்.' அவளும் போய்விட்டாள். கோமளாவை ஒரே வார்த்தையில் கிளப்ப முடிந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு இருந்த மகிழ்ச்சியை உங்களிடம் சொல்லி முடியாது. முப்பது வருஷமாகத் தலைக்குள் கத்திக்கொண்டிருந்த கூட்டம் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே போகிறது. நான் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறேன்.

ஏழாம் நாள். காலை பத்தரை. என் வலது காதருகே ஒரு குரல். "வீட்டுலேர்ந்து போன். அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம்." ஆண் குரல். கூடவே தலைவலித் தைல வாசனை. நான் என்ன செய்தேன்? எனக்குக் கற்றுக்கொடுத்தபடி செய்தேன். 'சத்தம்.' 'வாசனை.' 'எண்ணம்.' வந்தது, போயிற்று. ஆஹா, இவ்வளவு தத்ரூபமாக வருகிறதே, இதைக்கூட விட முடிகிறதே என்று ஒரு பெருமை வந்தது. அதையும் 'பெருமை' என்று குறித்தேன். ஒன்றையும் விடவில்லை சார். எங்கள் அலுவலகத்தில்கூட அவ்வளவு ஒழுங்காகக் குறித்ததில்லை.

குரல் தெய்வசிகாமணி சாருடையது. பார்த்திருப்பீர்களே, உயரமாக, கழுத்தில் துண்டு. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் விசிலடித்த மனுஷனைக் கொண்டுவந்து ரகசியம் பேசுகிற வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். சேவகர்கள் யாரையும் தொடக்கூடாது, உலுக்கக்கூடாது, கண்ணைத் திறக்கச் சொல்லக்கூடாது. காதருகே போய்ச் சொல்லலாம். எழுந்து வருவதும் வராததும் உட்கார்ந்திருப்பவன் பாடு. அவர் திரும்பிப் போய் அலுவலகத்தில், "சொல்லிட்டேன், உக்காந்திருக்கார்," என்றிருக்கிறார். அலுவலகத்தில் இந்திராணியிடம், "அவருக்குச் சொல்லியாச்சும்மா," என்றிருக்கிறார்கள். எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். எங்கேயும் ஒரு பிழை சொல்ல முடியாது.

அப்பா அன்றைக்குச் சாயந்திரம் நாலு மணிக்குப் போனார்.

இந்திராணி மறுபடி போன் செய்யவில்லை. சொல்லியாச்சு என்றால் சொல்லியாச்சு, அவள் சுபாவம் அப்படி. மறுநாள் காலை கோமளா செய்தாள். "நேத்தே சொல்லிட்டோம்மா, அவர் முடிவு," என்று பதில். அப்பா இறந்த விஷயத்தைச் சொல்லாமலேயே கோபத்தில் போனை வைத்துவிட்டாள். அங்கிருந்தும் யாரும் என்ன ஏது என்று திருப்பிக் கேட்கவில்லை. பகல் ஒரு மணிவரை எனக்காக வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டார்கள். பங்காளி மகன் கொள்ளி வைத்தான். நான் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கணக்குப் பார்த்திருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து மரத்தடியில் மெதுநடை. குதிகால், விரல், குதிகால், விரல்.

பதினோராம் நாள் ஊருக்குப் போனேன். உங்களை மாதிரியேதான், வெள்ளை வேட்டி, கையில் பாய், முகத்தில் அந்தச் சிரிப்பு. வாசலில் பந்தல் போட்டுப் பிரித்த குழிகள் நாலு. கூடத்தில் அப்பா படம், மாலை, காமாட்சி விளக்கு. கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, முதல் கணத்தில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? 'காட்சி.' குறித்துவிட்டேன் சார். அது போகும் என்று ஒரு நிமிஷம் நின்றேன்.

இந்திராணி அடுக்களையிலிருந்து வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உக்காந்தாச்சா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

கோமளா கேட்டாள். அவள் கேட்டதை உங்கள் மௌனம் தாங்காது. "நீ என்ன கல்லாண்ணா? அப்பா கடைசிவரைக்கும் டம்ளரத் தட்டிக்கிட்டே இருந்தார்," என்றது மட்டும் சொல்கிறேன். எத்தனை தட்டு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. நான் அவர்களிடம், குரல் கேட்டது, ஆனால் எண்ணம் என்று நினைத்துவிட்டேன் என்று விளக்கினேன். பயிற்சியைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னேன். கோமளா எழுந்து போய்விட்டாள். இந்திராணி முழுக்கக் கேட்டாள். "அப்படியா," என்றாள்.

ஒரு வருஷம் கழித்து எங்கள் அலுவலகத்துச் சர்வேயர் ஒருவர் முகாமுக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்து குனிந்து காலைத் தொட்டார். "அது நீங்கதானே சார்? ஊரையும் வேலையையும் சொன்னதும் புரிஞ்சுக்கிட்டேன்." அப்போதுதான் எனக்குக் கதை தெரியும். அந்த வருஷம் கதையில் அப்பாவுக்கு 'முடியவில்லை' என்றுதான் இருந்திருக்கிறது. மூன்றாம் வருஷம் போய் வந்தவர்கள் சொன்ன கதையில் அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். முடியாமல் கிடக்கிற அப்பாவுக்கு அசையாமல் இருப்பது என்ன பெரிய விஷயம், யார் வேண்டுமானாலும் இருப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ.

நான் மறுத்தேனா என்றுதானே பார்க்கிறீர்கள்? மறுக்கவில்லை. 'இல்லை, எனக்குப் புரியாமல் உட்கார்ந்திருந்தேன்' என்றால் அடக்கம் என்பார்கள், இன்னொரு தடவை காலைத் தொடுவார்கள். வீடு தேடி வந்தார்கள். ரத்த அழுத்தம், மகனோடு தகராறு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் என்னிடம் வழி கேட்டார்கள். நானும் சொன்னேன், நல்லதைச் சொல்வதில் என்ன தவறு? அலுவலகத்தில் யோகா தினத்துக்கு நான்தான் பேச்சாளர். இந்திராணி வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பாள். ஒரு அம்மா அவளிடம், "நீங்க புண்ணியம் பண்ணவங்க, இப்படி ஒருத்தர் கூட வாழக் குடுத்து வச்சிருக்கீங்க," என்றார். "ஆமாங்க, கூப்பிட்டாத் திரும்பிகூடப் பாக்கமாட்டார், தொந்தரவே கிடையாது," என்றாள். அந்த அம்மா அதையும் குறித்துக்கொண்டு போனார்.

ஆனால் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தத் தைல வாசனை. எண்ணத்துக்கு வாசனை வரும் என்று ஐயா சொன்னார், சரி. ஆனால் இந்திராணியின் குரல் வந்தபோது வாசனை வரவில்லை. கோமளா வந்தபோது வரவில்லை. இதற்கு மட்டும் வந்தது. அது வெளியிலிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துதான் இருந்ததா? தெரிந்துகொண்டேதான் 'எண்ணம்' என்று எழுதி மூடினேனா? எங்கள் பிரிவில் அப்படிச் செய்வதுண்டு. புகாரைப் பாதி கேட்கும்போதே எந்தத் தெரு என்று புரிந்துவிடும், இது தீராது என்றும் புரிந்துவிடும். "குறிச்சுக்கிட்டேன்" என்று வைத்துவிடுவோம். எட்டு வருஷமாகத் தினம் காலை உட்கார்ந்து இதைத்தான் கவனிக்கிறேன். கவனிக்கிறவன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டால் யாரை வைத்துக் கவனிப்பது? ஐயாவுக்கு எழுதிக் கேட்டேன். 'சந்தேகம்' என்று குறித்துக்கொள்ளும்படி பதில் வந்தது.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். போன மாதம் ஒரு நாள் காலை. நான் என் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். "என்னங்க," என்று குரல். குளியலறைப் பக்கமிருந்து. 'சத்தம்.' மறுபடியும், "என்னங்க." 'சத்தம்.' மூன்றாம் தடவை கொஞ்சம் மெதுவாக வந்தது. என் ஒரு மணி நேரம் முடிய இன்னும் பதினோரு நிமிஷம்தான் இருந்தது சார். பதினோரு நிமிஷம். முடித்துவிட்டு வெளியே வந்தேன். இந்திராணி ஈரத்தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு ஒரு மாதிரி வளைந்து மடியில் கிடக்கிறது. அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "இப்பவும் எண்ணந்தானா?"

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு நேராக நெய்வேலியில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். இரண்டாம் தடவைதான் பேசினாள்.

"மாமா போன அன்னைக்கு உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"அதத்தான் சொன்னேனே இந்திராணி. கேட்டுச்சு, ஆனா..."

"அந்த ஆனா வேணாம். உங்களுக்கே தெரியலைன்னா, சொன்னவர் இருக்காரில்ல? அவர்கிட்ட போய்க் கேளுங்க. தெரிஞ்சும் உக்காந்திருந்தீங்களா, தெரியாம உக்காந்திருந்தீங்களா, அத மட்டும் வந்து சொல்லுங்க. தெரியாமன்னா இன்னைக்கே கிளம்பி வர்றேன். தெரிஞ்சுன்னாலும் சொல்லுங்க, வர்றதா வேணாமான்னு அப்புறம் நான் பாத்துக்கிறேன். ரெண்டும் இல்லாத ஆளோட மட்டும் இனி என்னால ஒரே வீட்ல இருக்க முடியாது."

எட்டு வருஷமாக நான் ஏன் இங்கே வந்து இந்த மனிதரைக் கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். பஸ் வசதி அவ்வளவாக இல்லை.

இன்று காலை வந்தேன். நீங்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். தெய்வசிகாமணி சார் சமையற்கட்டுக்குப் பின்னால் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயதாகிறதாம். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். பக்கத்திலிருந்த இரண்டு பேரிடம், "இவர்தான், இவர்தான்," என்றார். அவர்களும் கும்பிட்டார்கள். ஒருவர் என்னைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிற மாதிரி இருந்தது. நான் அவரை மட்டும் தனியே கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே, சாலையோரத்துக்கு வந்தேன். உள்ளே வளாகத்தில் ரகசியக் குரலில்தான் பேசுவார். எனக்கு இந்தத் தடவை ரகசியமாக எதையும் கேட்க விருப்பமில்லை.

"சார், அன்னைக்கு என்கிட்ட என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

"எதுக்கு சார் இப்ப?" என்று சிரித்தார். "வீட்டுலேர்ந்து போன், அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம், கிளம்புறதா இருந்தா வண்டி சொல்றேன். இதான் சொன்னேன். இறந்துட்டார்னு நான் சொல்லல. அத ஐயா சேத்துக்கிட்டார்."

வண்டி. வண்டி என்ற வார்த்தை எனக்கு நினைவிலேயே இல்லை.

"எத்தன தடவ சொன்னீங்க?"

"ரெண்டு தடவ."

"ரெண்டா? எனக்கு ஒரு தடவதான் ஞாபகம் இருக்கு."

"மொத தடவ சொன்னப்போ உங்ககிட்டேர்ந்து ஒண்ணும் வரல. மூச்சுகூட மாறல. சரி, ஆழத்துல இருக்கார்னு பக்கத்துலயே குத்துக்கால் போட்டு உக்காந்தேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் மறுபடி, கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். சொல்லிட்டுப் போய்ட்டேன்."

"அவ்வளவு முக்கியமான சேதி. மூணாவது தடவையும் சொல்லியிருக்கலாமே சார்?"

"தேவைப்படல சார்," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். கண்ணெல்லாம் ஈரமாக இருந்தது அவருக்கு. "ரெண்டாவது தடவயே போதும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. முப்பத்தஞ்சு வருஷம் பசங்களப் பாத்தவன் நான். எவன் காதுல வாங்கினான், எவன் வாங்கலன்னு எனக்குத் தெரியாதா?"

ஒரு லாரி போயிற்று. புழுதி அடங்கும்வரை நின்றேன். எட்டு வருஷப் பயிற்சி சார், வீண் போகுமா? 'பயம்' என்று குறித்தேன். போகவில்லை. மறுபடி குறித்தேன். அங்கேயே நின்றது. அவர் இன்னும் கைகூப்பியபடி, நான் ஆசீர்வாதம் எதுவும் செய்வேனோ என்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கேட்டேன்.

"சார், ரெண்டாவது தடவ சொன்னப்போ, நான் தலையாட்டினேனா?"